சைக்கிளின் உறுப்பு யாருக்கு உரியது?

மவுன்டன் பைக்கில் மாற்ற முடியாத பாகம் என்று எதுவுமில்லை. டயர், ரிம், ஃபோர்க், ஹேண்டில்பார், செயின், கியர், பிரேக், சீட் என எல்லாம் கழன்று வரும். வேறொன்று அதே இடத்தில் உட்காரும். சில ஆண்டுகள் அக்கறையோடு ஓட்டிய வண்டியில், கடையிலிருந்து வந்த நாளில் இருந்தவற்றுள் ஃபிரேம் மட்டுமே மிஞ்சியிருப்பது சாதாரணம். அது அதே வண்டிதானா என்று ஒரு கேள்வி. அதற்கு எந்தப் பாகத்தை வாங்கிப் பூட்டலாம் என்று இன்னொரு கேள்வி. முன்னதைத் தத்துவம் படித்தவர்களிடமும் பின்னதை மெக்கானிக்கிடமும் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். இரண்டும் ஒரே கேள்வி என்பது என் வாதம். அதற்கு விடை தேடக் காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டியிருக்கும் திருப்புட்குழிக்குப் போனால் போதும். இளம் ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் கற்றது இந்த ஊரில்தான் என்று வைணவ மரபு சொல்கிறது. பிரம்மம் என்ற முழுமைக்கும் உயிர், உலகம் என்ற பகுதிகளுக்கும் உறவு எப்படிப்பட்டது என்பதில்தான் ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு வழியில் போனார்கள். பகுதி, முழுமை என்ற சிக்கல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

முதலில் சைக்கிளைப் பார்ப்போம். ஒரு பாகம் நல்ல பாகமா என்று அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கப் பெடலின் மரை சாதாரணத் திருகாணியைப் போல வலம்சுற்றி இறுகும். இடப்பக்கப் பெடலின் மரை இடம்சுற்றி இறுகும். மிதிக்கும் அழுத்தம் சுற்றிச் சுற்றி மாறும்போது பெடலின் அச்சு மரைக்குள் மிக நுண்மையாக உருண்டு, எதிர்த் திசையில் கழல முயல்கிறது. அந்தக் கழலும் போக்கை முன்கூட்டியே அறிந்து மரையை மாற்றி வெட்டியிருக்கிறார்கள். விலையுயர்ந்த வலப்பெடல் இடப்பக்கக் கிராங்கில் வெறும் உலோகக் கட்டி. பலவந்தமாகத் திருகினால் கிராங்கின் மரையும் போய்விடும். டயரிலும் இப்படித்தான். 26 அங்குலம் என்று பக்கவாட்டில் அச்சிட்ட டயர்கள் எல்லாம் ஒன்றல்ல. மவுன்டன் பைக்கின் 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். பெண்கள் சைக்கிள்களில் பரவலாக இருக்கும் 26 x 1⅜ அளவில் அது 590. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27.5 என்பது 584, 29 என்பது 622. ஃபோர்க் இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் அது பொருந்திவிடும். நூறு மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்குக்காக வரைந்த ஃபிரேமில் 140 மில்லிமீட்டர் ஃபோர்க்கைப் பூட்டினால் மரை ஏறும், போல்ட் இறுகும், கண்ணுக்கும் அழகாயிருக்கும். ஆனால் முன்பக்கம் உயர்ந்து தலைக்குழாயின் சாய்வு இரண்டு பாகை அளவுக்கு மாறும்; ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும்; தாங்குவதற்கென்று கணக்கிடப்படாத விசை ஃபிரேமின் தலைப்பகுதியில் இறங்கும். ஃபோர்க்கில் குறையில்லை, ஃபிரேமிலும் குறையில்லை. அவை ஒன்றுக்கொன்று எதற்காக இருக்கின்றன என்பதில்தான் குறை.

இந்த வண்டி பிறந்த வரலாறே இதற்குச் சாட்சி. 1970களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் 1930, 40களின் கனத்த பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலைத்தடத்தில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று நடந்த முதல் ஓட்டமும் அதைத் தொடர்ந்தவையும் ‘ரீபேக்’ என்று பெயர் பெற்றன. பின்பக்கம் மிதித்து நிறுத்தும் பிரேக்கின் ஹப் இறக்கத்தில் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் பிரித்துக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது; பெயரின் பொருளும் அதுவே. நெடும்பயணச் சைக்கிளிலிருந்து கியர், மோட்டார் சைக்கிளிலிருந்து பிரேக் பிடி, இருவர் ஓட்டும் சைக்கிளிலிருந்து டிரம் பிரேக் என்று அவர்கள் பொறுக்கிச் சேர்த்தார்கள். இதற்கென்றே ஒரு ஃபிரேமை அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் செய்த பிறகுதான் மவுன்டன் பைக் என்ற தனி இனம் உருவாயிற்று. அதுவரை இருந்தது வேறு வேறு வண்டிகளுக்காகச் செய்யப்பட்ட பாகங்கள் மட்டுமே. அவற்றை ஒன்றாகச் சேர்த்தது எது? பாகங்களுக்குள் அப்படி ஒரு விழைவு இல்லை. மலையிலிருந்து இறங்க வேண்டும் என்ற நோக்கம் முன்னால் நின்றது. பாகங்கள் அதைச் சுற்றித் திரண்டன.

இங்கே நம் தத்துவ மரபின் மூன்று குரல்களைக் கேட்க வேண்டும். நாகசேனர் என்ற பௌத்தத் துறவி, கிரேக்க அரசன் மிலிந்தனிடம் அவன் ஏறி வந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரல்ல, தேர் என்பது வழக்குப் பெயர் மட்டுமே என்று நிறுவியதாக மிலிந்த பன்ஹா சொல்கிறது. காஞ்சிக்கு இந்தச் சிந்தனை அந்நியமல்ல. 7ஆம் நூற்றாண்டில் சுவான்சாங் வந்தபோது அது பௌத்தர்களின் பெரிய இருப்பிடம். இதற்கு நேர் எதிரில் நியாய, வைசேஷிகர்கள். பாகங்கள் கூடும்போது அவற்றுக்கு மேலாக முழுமை என்ற ஒரு புதுப்பொருள் பிறக்கிறது என்பார்கள். அந்த உறுதிக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது: ஒரு பாகம் போனாலும் பழைய முழுமை அழிந்து வேறொன்று பிறந்துவிடுகிறது. பிரேக் கட்டையை மாற்றியதும் வண்டி வேறு வண்டி என்றால், நேற்று வாங்கியவர் இன்று எதற்கும் உரிமையாளர் அல்ல. ராமானுஜர் இரண்டையும் ஏற்கவில்லை. நூல்களுக்கு அப்பால் துணி என்ற தனிப்பொருள் பிறப்பதில்லை. நூலே வேறொரு அமைப்பை அடைந்து, வேறொரு பெயர் பெற்று, வேறொரு பயனுக்குத் தகுதியாகிறது என்று ஸ்ரீபாஷ்யத்தில் வைசேஷிகரை மறுக்கிறார். ஆனால் அவர் பௌத்தரின் முடிவுக்கும் போய்ச் சேர்வதில்லை. அமைப்பு மெய், பயன் மெய், ஆகவே பெயரும் பொய்யல்ல.

அவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார், அந்தப் படிதான் நமக்கு முக்கியம். உடல் என்றால் என்ன என்பதற்கு அதே நூலில் ஒரு வரையறை தருகிறார். கைகால் இருப்பது, புலன் இருப்பது, மூச்சு விடுவது இவற்றை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அறிவுள்ள ஒன்று எந்தப் பொருளை எப்போதும் தாங்கி, தன் பொருட்டு இயக்கக்கூடுமோ, எந்தப் பொருள் அதற்கே உரியதாக இருப்பதையே தன் இயல்பாகக் கொண்டதோ அதுவே அதற்கு உடல். ‘உரியதாக இருத்தல்’ என்பதை வேதார்த்த சங்கிரகத்தில் விளக்குகிறார்: இன்னொன்றுக்குச் சிறப்புச் சேர்ப்பதற்காகவே ஏற்கப்படுவது சேஷம், அந்த இன்னொன்று சேஷி. உயிர்களும் உலகும் இறைவனுக்கு இவ்வகையில் உடல் என்பது அவர் தரிசனத்தின் நடுநாடி. பகுதிகள் மாறினாலும் முழுமை சிதறாமல் இருப்பதற்கு அவர் காட்டும் காரணம் எண்ணிக்கையோ ஒட்டுப்பசையோ அல்ல. எல்லாம் ஒன்றுக்காக இருக்கின்றன, அதனால் ஒன்றாக இருக்கின்றன. இதை ஏற்றால் சைக்கிளைப் பற்றிய இரு கேள்விகளும் ஒரே இடத்தில் அவிழ்கின்றன. எல்லாப் பாகமும் மாறிய பின்னும், அதே பயணத்துக்கு அதே விதத்தில் உழைக்கும் அமைப்பாக இடையறாது தொடர்ந்தால் அது அதே வண்டி. அந்த உழைப்புக்குச் சிறப்புச் சேர்க்கும் பாகமே பொருத்தமான பாகம்.

திருப்புட்குழியிலேயே இதற்குக் கண்கூடான சான்று உண்டு. விஜயராகவப் பெருமாள் கோயிலில் ‘கீல் குதிரை’ என்று ஒரு வாகனம். உயிருள்ள குதிரையைப்போல் உறுப்புகள் அசையும்படி மூட்டு மூட்டாகச் செய்யப்பட்டது. கீல் என்பது இரண்டு துண்டுகளும் தனித்தனியாக இருக்கவும் வேண்டும், விலகவும் கூடாது என்ற வேலை. இறுக்கிவிட்டால் அசைவு போகும், தளர்த்திவிட்டால் குதிரை போகும். ஹெட்செட்டின் பேரிங்கையோ ஹப்பின் கோனையோ சரியான இறுக்கத்தில் நிறுத்தப் பழகிய சைக்கிள் மெக்கானிக்குக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குதிரையின் உறுப்புகள் ஒவ்வொன்றும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்தது அந்த உறுப்பல்ல, குதிரையும் அல்ல. அதன்மேல் எழுந்தருள வேண்டிய பெருமாளும் அந்த வீதியுலாவும்தான்.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைச் சொல்ல வந்த கோட்பாட்டை ஒரு விளையாட்டுச் சாமானின் மேல் ஏற்றுவது முறையா? சைக்கிளுக்கு உள்ளே ஆன்மா இல்லையே, அது எப்படி யாருக்கும் உடலாகும்? ஓட்டுபவர் இறங்கிவிட்டால் அது சுவரில் சாய்ந்து நிற்கத்தானே செய்கிறது? உண்மை. அந்த வரையறையின்படி பொருள் எப்போதும் தாங்கப்பட்டிருக்க வேண்டும். சைக்கிளை நாம் ஏறியிருக்கும்போது மட்டுமே இயக்குகிறோம். ஆகவே சைக்கிள் எனக்கு உடல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சேஷம் என்ற உறவு உடலைவிட விரிந்தது. வேதச் சடங்குகளுக்குப் பொருள் வகுத்த மீமாம்சகர்கள் அதை வேள்விச் சாமான்களைப் பற்றிப் பேசும்போதுதான் வரையறுத்தார்கள். நெல், உரல், கரண்டி, பால் எல்லாம் எதற்கு உறுப்பு என்று வரிசைப்படுத்துவது அவர்களுடைய அன்றாட வேலை. ராமானுஜர் அந்தச் சாமான் உலகிலிருந்தே இந்தக் கருத்தை எடுத்து உயிருக்குப் பொருத்தினார். திரும்பவும் சாமானுக்குக் கொண்டுவருவதால் அது தாழ்ந்துவிடாது.

அந்த மீமாம்சகர்களிடமே இதைவிடக் கூர்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. பொருள், குணம், பக்குவப்படுத்தும் செயல் இவை மட்டுமே உறுப்பு என்று பாதரி என்ற ஆசிரியர் நிறுத்திக்கொண்டார். ஜைமினி நிறுத்தவில்லை. செயல் பலனுக்கு உறுப்பு, பலன் மனிதனுக்கு உறுப்பு, மனிதனோ மறுபடி செயலுக்கு உறுப்பு என்றார். இது வட்டம். சைக்கிளில் ஆசை வைத்தவர்கள் பலர் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றுகிறார்கள். நன்றாக ஓட்டுவதற்காக நல்ல பாகம். நல்ல பாகம் பூட்டியிருப்பதால் அதற்கேற்ற ஓட்டம். அந்த ஓட்டம் இன்னும் உயர்ந்த பாகத்தைக் கேட்கிறது. 7 பல்வட்டம் கொண்ட ஃப்ரீவீலிலிருந்து 12 பல்வட்டக் கேசட்டுக்குப் போக விரும்பினால் பின்சக்கரத்தின் ஹப்பை மாற்ற வேண்டும், செயினை மாற்ற வேண்டும், ஷிஃப்டரையும் செயினை நகர்த்தும் டீரெய்லரையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் கேபிள் இழுபடும் அளவே வேறு. ஒரு பாகம் மற்றொன்றைக் கேட்கும் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் ‘போதும்’ என்ற சொல் இல்லை. சாமானுக்கும் மனிதனுக்கும் நடுவே மட்டும் உறுப்பு உறவைத் தேடினால் இந்த வட்டம் உடையாது. மனிதனைத் தாண்டி ஒரு சேஷி உண்டு, மனிதனே இன்னொருவருக்கு உரியவன் என்று ராமானுஜர் சொல்வதை மூடபக்தி என்று தள்ளிவிடக் கூடாது. தருக்கம் கேட்கும் ஒரு முடிவிடத்தை அவர் காட்டுகிறார். இறைநம்பிக்கை இல்லாதவரும் அந்த இடத்தில் எதையாவது வைத்தாக வேண்டும், அல்லது வட்டத்திலேயே சுற்ற வேண்டும்.

அப்படியானால் துறவுதானே விடை, பாகம் வாங்குவதையே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. அளவைக் குறைப்பது வேறு கேள்வி, யாருக்காக என்பது வேறு கேள்வி. காஞ்சிபுரம் வட்டாரம் மலையில்லாத சமவெளி. ஏரிக்கரை, வரப்பு, கரம்பு, கோடையில் மணல் தடம், எங்கும் சீமைக்கருவேல முள். இங்கே மவுன்டன் பைக்கின் அகன்ற முடிச்சு டயருக்கு வேலை உண்டு. நீளமாக அமுங்கும் கனத்த முன்ஃபோர்க்குக்குப் பெரும்பாலும் இல்லை. அந்தக் காசில் முள் ஏறாத உள்பட்டையும், துளையைத் தானே அடைக்கும் திரவமும், பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் நல்ல பின்விளக்கும் வாங்குவது இந்த ஊரின் பொருத்தம். மவுன்டன் பைக்கில் கேரியரும் மட்கார்டும் ஸ்டாண்டும் பூட்டினால் இனம் கெட்டுவிடுகிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கெடுவது எது? மரினில் அந்த வண்டியைத் திரட்டிய நோக்கம் இறக்கத்துக்கானது. இங்கே அதைத் திரட்டும் நோக்கம் பால்கேனும் பள்ளிக்கூடப் பையும் கொல்லைக்குப் போகும் மண்வெட்டியும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார்; நடுவிலிருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். பெண் ஏறத் தடையென்று கருதப்பட்ட கம்பி, தாயின் கையில் இருக்கையாயிற்று. கம்பி மாறவில்லை. அது யாருக்கு உரியது என்பது மாறிற்று.

மிகக் கடுமையான ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உறுப்பின் சிறப்பு இன்னொன்றுக்கு உரியதாக இருப்பதில்தான் என்ற பேச்சு, இந்த நாட்டில் மனிதரை மனிதருக்குக் கீழே நிறுத்தப் பயன்பட்டிருக்கிறது. கீல் குதிரையின் கதையே அப்படி வாசிக்கத்தக்கது. அதைச் செய்த சிற்பி, இதுபோல் வேறு யாருக்கும் செய்து தருவதில்லை என்று உறுதிபூண்டு அதற்காகவே உயிர் நீத்தார் என்று தலவரலாறு சொல்கிறது. ஒரு வாகனத்துக்காக ஒரு கைவினைஞர் சாவதைச் சேஷத்துவம் என்று போற்றுவதா? போற்றக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கதை அங்கே முடிவதில்லை. திருவிழாவின் எட்டாம் நாளில் பெருமாள் அந்தச் சிற்பியின் பெயர்கொண்ட வீதிக்கு எழுந்தருளுகிறார். இதே ஊரின் மூலக்கதையும் இப்படிப்பட்டதே: இராவணன் சிறகை வெட்டியபின்னும் சீதை போன திசையைச் சொல்வதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த சடாயுவுக்கு, இராமன் மகனைப்போல் ஈமக்கடன் செய்தான், அது நடந்த இடம் திருப்புட்குழி என்று நம்புகிறார்கள், மூலவர் சடாயுவை மடியில் ஏந்தியிருக்கிறார். சிறகு போன பறவை குறைந்த பறவையாகிவிடவில்லை, தன் நோக்கத்தில் அது முழுமையாக இருந்தது. உறுப்பு முழுமைக்கு உரியதென்றால் முழுமைக்கு உறுப்பின்மேல் கடன் உண்டு. உயிர்கள் அனைத்தும் ஒருவனுக்கே சேஷம் என்பதால், ஓர் உயிர் இன்னோர் உயிரைத் தனக்கு இயல்பிலேயே உரியதென்று சொல்லிக்கொள்ள இந்தத் தரிசனத்தில் இடமில்லை. அந்த இடத்தைத் திருடியவர்கள் தரிசனத்துக்கு எதிராகவே நடந்தார்கள்.

கடன் என்று ஒப்புக்கொண்டால் சைக்கிளிலும் அது வேலையாகத்தான் இறங்கும். செயினுக்கு எண்ணெய், சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, மழைக்காலம் கழிந்ததும் ஹப்பைப் பிரித்துக் கிரீஸ் வைப்பது, கழற்றிய நல்ல பாகத்தைத் தேவைப்படும் இன்னொரு வண்டிக்குக் கொடுப்பது. பாகம் செய்யும் நிறுவனங்களையும் இதே கேள்வியால் சோதிக்கலாம். மவுன்டன் பைக்கின் பின்ஹப் அகலம் நெடுங்காலம் 135 மில்லிமீட்டராக இருந்தது; பிறகு 142 வந்தது, பிறகு 148. பெரிய சக்கரத்தின் கம்பிகள் அகன்று நின்றால் சக்கரம் உறுதிப்படும் என்று அவர்கள் சொல்லும் காரணம் பொய்யல்ல. 29 அங்குலச் சக்கரத்தில் கற்பாறை இறங்குபவருக்கு அந்த மாற்றம் உரியது. ஏரிக்கரையில் ஓடும் 26 அங்குல வண்டிக்காரருக்கு அதனால் ஒரு சிறப்பும் சேரவில்லை. அவருடைய ஃபிரேம் காலாவதியாகிவிட்டது என்று கடையில் யாராவது சொன்னால், யாருடைய பயனுக்காக என்று அவர் திருப்பிக் கேட்கலாம், 135 மில்லிமீட்டர் ஹப்பையே வாங்கிப் பூட்டிக்கொண்டும் போகலாம். அந்த அளவில் ஹப்கள் இன்னும் விற்கின்றன.